பென்ஷன் கோழிகள், நவம்பர் மழை

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கூண்டை இடம் மாற்றி ஒரே நாள், அதற்குள் மரத்தூள் முழுக்க ஈரம். கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது.

மாற்றச் சொன்னது அத்தை. அண்ணியின் அம்மா. சுங்கை பாக்காப்பிலிருந்து இரண்டு பையும் ஒரு ஜாடி நல்லெண்ணெயும் கொண்டுவந்து இறங்கிப் பன்னிரண்டு நாள். அண்ணிக்குப் பிள்ளை பிறந்து பதினொரு நாள். பத்தியம் முடியும்வரை அத்தை இங்கேதான். அத்தை என்று நான் கூப்பிட வேண்டும். இதுவரை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. தேவைப்பட்டால் அவர் கண்ணில் படுகிற இடத்தில் போய் நின்றுகொள்கிறேன்.

"பச்ச புள்ள இருக்கற வீடு. கிச்சன் ஜன்னலுக்குக் கீழ கோழி வெச்சிருக்கீங்க. அந்தக் காத்துதான உள்ள வரும்?"

என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தார். நானும் அண்ணனும் கூண்டைத் தூக்கிப் பின்சந்துச் சாக்கடை ஓரம் வைத்தோம். அங்கே மேல்கூரை பாதிதான். மேற்குப் பக்கம் திறப்பு. மழை மேற்கிலிருந்துதான் வருகிறது. சொல்ல நினைத்தேன். தூக்கிக்கொண்டிருந்தபோது மூச்சு இல்லை, வைத்த பிறகு தைரியம் இல்லை.

முட்டை: மஞ்சள் 1, பச்சை 1, நீலம் 1, வெள்ளை 1. சிவப்பு 0.

செய்ய வேண்டியவை:
மரத்தூள் ஒரு மூட்டை (தச்சுப் பட்டறை)
கேன்வஸ், மேற்குப் பக்கம்
கேராங் சிப்பி ஓடு (குவேத்தியாவ் நூடுல்ஸ் கடை அங்கிளிடம்)
வே.வி. இரண்டு. ஏழு மாதமாக வேலை விண்ணப்பம் என்று முழுதாக எழுதி அலுத்துவிட்டது.

நவம்பர் 4, செவ்வாய்

மழை, விட்டு விட்டு. காலையில் அம்மா போர்வையைப் போர்த்திக்கொண்டே பாயான் லெப்பாஸ் பஸ்ஸுக்குப் போனார். தொழிற்சாலைக்குள் இதைவிடக் குளிராம்.

கேன்வஸ் கட்டினேன். கயிறு அறுந்தது. மறுபடி கட்டினேன்.

அண்ணி அறையில் ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் துணி. காலையும் மாலையும் சாம்பிராணி. உள்ளே போனால் கண் எரிகிறது. பிள்ளைக்குக் குளிர் படக்கூடாதாம், பிள்ளைக்காரிக்கும் படக்கூடாதாம். கோழிக்குப் படலாம்.

கேராங் ஓட்டைக் கழுவி, வாணலியில் வறுத்து, உரலில் போட்டு இடித்தேன். ஓட்டுத்தூள் இல்லாவிட்டால் முட்டை ஓடு மெலிந்துவிடும். அத்தை சத்தம் கேட்டு வந்தார். உரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அதுல தான எம்பொண்ணுக்குப் பத்திய மருந்து இடிக்கிறேன்?"

உரலை மூன்று தடவை கழுவினேன். நான்காவது தடவை அவர் கழுவினார், நான் பார்க்கும்படி.

முட்டை: ம 1, நீ 1, வெ 1.

நவம்பர் 6, வியாழன்

முட்டை: நீ 1. அவ்வளவுதான்.

சிவப்பு தீபாவளிக்கு முன்பிருந்தே இறகு உதிர்க்கிறது, முட்டையும் இல்லை. அது வயசு, ஒழுங்குப்படி நடப்பது. உதிர்த்து முடித்து, புது இறகு வந்து, பிறகு மறுபடி போடும். மற்ற நான்கும் அப்படி இல்லை. இடம் மாறியது, நனைந்தது, தீவனம் ஒரு நாள் ஊறிப் புளித்தது, பயந்துவிட்டன. மஞ்சள் இன்று காலை உலுக்கியதும் கழுத்து இறகு கொத்தாக விழுந்தது.

இந்தக் கோழிகளுக்குப் பயம் புதிதில்லை. ஏப்ரலில் சுங்கை பாக்காப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் வாங்கினேன். ஒன்றரை வருஷம் கம்பிக்கூண்டில் முட்டை போட வைத்து, வேகம் குறைந்ததும் மலிவாகத் தள்ளிவிடுவார்கள். ஆயாம் பென்சென். பென்ஷன் கோழி. வந்த அன்று மண்ணில் இறக்கிவிட்டேன். ஐந்தும் நின்ற இடத்திலேயே நின்றன. மண்ணில் நடக்கத் தெரியவில்லை. எல்லாம் ஒரே பழுப்பு, அடையாளம் தெரியாது. காலில் கலர் கேபிள் டை கட்டினேன். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை.

அத்தை வந்த முதல் நாளே கேட்டார், இதுகளை எப்போது அடிப்பது என்று. அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்:

"முட்ட போடற வரைக்கும் இருக்கட்டும் அத்த. மாலாவுக்குத் தெனம் ஒரு முட்ட வேணும்ல. நின்னுடுச்சுன்னா நீங்க பாத்துக்குங்க."

நீங்க பாத்துக்குங்க என்றால் நல்லெண்ணெய், மிளகு, பூண்டு, குக்கர்.

ஒரு நாளைக்கு ஒரு முட்டை. அதுதான் ஐந்து கோழியின் உயிருக்கும் நிபந்தனை. இன்று நீலம் காப்பாற்றியது.

நவம்பர் 8, சனி

0.

காலை ஏழு, ஒன்பது, பதினொன்று, இரண்டு என நான்கு தடவை பார்த்தேன். முட்டை போடும் பெட்டியில் வைக்கோல் காய்ந்து கிடக்கிறது, நடுவில் குழிகூட இல்லை. நேற்று நீலம் போட்டதை ஒளித்து வைத்திருந்தேன், இன்றைக்கு அது போயிற்று. நாளைக்கு இல்லை.

அத்தை துணி காயப்போட இடம் இல்லாமல் கூடத்தில் கயிறு கட்டினார். அம்மா என் பட்டமளிப்புப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டிய ஆணியில் கயிற்றின் ஒரு முனை. குழந்தைத் துணிகளுக்குப் பின்னால் என் முகம், கறுப்பு அங்கியில். வீட்டில் முதல் டிகிரி. உயிரியல். இப்போது அதில் தண்ணீர் சொட்டுகிறது.

அண்ணன் ஜூருவிலிருந்து நனைந்து வந்தான். பட்டறையில் நாளெல்லாம் காருக்கு அடியில் படுத்திருப்பவன், கடல் பாலத்தில் மழையோடு மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்து, கதவைத் திறந்ததும் கேட்டது:

"முட்ட இருக்கா?"

பிள்ளையைக்கூட அப்புறம்தான் கேட்டான்.

நவம்பர் 9, ஞாயிறு

எழுதவே கூடாது. எழுதுகிறேன்.

காலை ஆறரைக்குக் குடையோடு வெளியே. பக்கத்துக் கடையில் வாங்கினால் அத்தைக்குச் சாயங்காலமே தெரிந்துவிடும், இரண்டு சந்து தள்ளி இருக்கிற மினி மார்க்கெட்டுக்குப் போனேன். பத்து முட்டை ஒரு பெட்டி. அங்கே முட்டையையும் குளிர்பெட்டியில்தான் வைத்திருக்கிறார்கள். பழுப்பு முட்டை. பெட்டியைத் துணி அலமாரியில், சான்றிதழ் கோப்புக்குப் பின்னால் வைத்தேன். மதியம் ஒன்றை எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, எச்சம் கொஞ்சம் தடவி, ஒரு துண்டு இறகு ஒட்டி, வைக்கோலில் வைத்தேன்.

பத்து நிமிஷம் கழித்துக் கையில் முட்டையோடு கிச்சனுக்குள் போனேன். அத்தை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஒண்ணுதானா?"

தலையாட்டினேன். பொய்யில் என் குரல்கூடச் சேரவில்லை. வசதி.

நவம்பர் 12, புதன்

மழை இல்லை, காற்று மட்டும். அதுதான் மோசம். வெள்ளைக்கு மூக்கில் நீர், மூச்சில் சின்னக் குறட்டை. அட்டைப்பெட்டியில் தனியாக வைத்துக் குளியலறையில் பல்பு போட்டு வைத்தேன். அத்தை பார்த்தார்.

"புள்ளைய ஜாகா பண்றதா, நோய்க் கோழியப் பாத்துக்கறதா? இந்த வீட்ல எது மொதல்ல?"

அம்மாவிடம்தான் கேட்டார். அம்மா, "கொஞ்சம் விட்டுக்குடும்மா சாமினி, சம்பந்தி போற வரைக்கும்" என்றார். பெட்டியோடு பின்னால் போனேன். பக்கத்து வீட்டு லிம் அங்கிள் சுவருக்கு மேலாகப் பார்த்து, பழைய மழைக்கோட்டு ஒன்றைத் தூக்கிப் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. இந்தச் சந்திலேயே எனக்குப் பிடித்த மனிதர் அவர்தான், காரணம் நாங்கள் பேசிக்கொள்வதே இல்லை.

உண்மையைச் சொன்னால், குளியலறை விஷயத்தில் அத்தை சொன்னது சரி. சளிக் கோழியைப் பச்சைக் குழந்தை குளிக்கிற இடத்தில் வைக்கக்கூடாது. படித்த எனக்கே தெரியும். அவர் சொன்னதால் சரியாக இருக்கக்கூடாது என்று இருந்தது.

மதியம் கடை முட்டையை நல்லெண்ணெயில் கிளறி அண்ணிக்குக் கொடுத்துக்கொண்டே அத்தை சொன்னது:

"நல்லா தின்னு மாலா. இது வீட்டு முட்ட. கடை முட்டையில இந்த வாசம் வருமா?"

கதவோரம் நின்று முழுதாகக் கேட்டேன். இந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம்.

நவம்பர் 14, வெள்ளி

பாயான் லெப்பாஸில் நேர்முகம். ஆய்வக உதவியாளர். அம்மா ஏறுகிற அதே பஸ்ஸில் போனேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அறையில் ஏசி, விரல் நகம் நீலம். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். பேரும் ஊரும் சொன்னேன், நின்றுவிட்டது. ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்? கோழி வளர்க்கிறேன். நடுவில் இருந்தவர் சிரித்தார், மற்ற இருவரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். என்ன பரிசோதனை செய்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன்:

"என்னா, கெடச்சிருச்சா?"

"சொல்றன்னாங்க."

"அப்ப கெடைக்கல."

அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே: "டிகிரி படிச்சிட்டு கோழிப்பீ அள்ளறதுக்கு, எங்க எஸ்டேட்லயே வந்து அள்ளியிருக்கலாம். அங்க சம்பளமாச்சும் குடுப்பாங்க."

அண்ணி சிரித்தாள். தையல் வலிக்கும்போல, உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்ததை எழுதிவைக்கிறேன், பிறகு நான் நல்லவள் என்று எனக்கே தோன்றாமல் இருக்க.

முட்டை (நிஜம்): 0. முட்டை (அலமாரி): மீதி 4.

நவம்பர் 17, திங்கள்

சிவப்பைத் தூக்கிப் பார்த்தேன். முதுகு முழுக்கப் புது இறகு, ஒவ்வொன்றும் உறையிலிருந்து பாதி வெளியே. கொண்டை போன மாதம் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது, இன்று சிவந்து தடித்திருக்கிறது. வாலுக்குக் கீழே இரண்டு மெல்லிய எலும்பு உண்டு, அவற்றுக்கு நடுவில் எத்தனை விரல் நுழைகிறது என்று பார்க்க வேண்டும். முட்டை போடாத கோழிக்கு ஒரு விரல். போடப் போகிற கோழிக்கு இரண்டு, இரண்டரை.

சி: இரண்டு, தாராளமாக. மிஞ்சினால் ஒரு வாரம்.
ப, நீ: ஒன்றரை.
ம: ஒன்று.
வெ: ஒன்று. குறட்டை குறைந்திருக்கிறது.

இன்னும் ஒரு வாரம் இந்தப் பொய்யை ஓட்டினால் போதும். பிறகு பொய் வேண்டாம்.

நவம்பர் 19, புதன்

மாட்டிக்கொண்டேன்.

அலமாரிப் பெட்டி நேற்றோடு காலி. காலையில் பேய் மழை, ஏழு மணி ஆகியும் இருட்டு. ஓடிப்போய் வாங்கி வந்தேன். அத்தை குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் வைக்கும் நேரம், பின்பக்கம் வரமாட்டார் என்ற தைரியம். பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஒன்றைக் கூண்டுக்குள் வைத்துவிட்டு உடை மாற்றப் போனேன். துடைக்கவில்லை, தடவவில்லை. குளிர்பெட்டியிலிருந்து வந்தது என்பதையே மறந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது அத்தை கூண்டின் முன் குனிந்து நிற்கிறார். தலையில் துண்டு. கையில் முட்டை. குழந்தைக் குளியல் தொட்டி எடுக்க வந்தவர் அப்படியே எட்டிப் பார்த்திருக்கிறார்.

"ஏம்மா சாமினி. இங்க வா."

போனேன்.

"தொடு."

தொட்டேன். ஐஸ். முட்டை முழுக்கப் பனித்துளி, ஓடு நனைந்து பளபளப்பு. அடியில் இருந்த வைக்கோல் காய்ந்து மொரமொரப்பு.

"மழ உள்ள வரல. வக்கோலு காஞ்சிருக்கு. முட்ட மட்டும் வேர்க்குது. எந்தக் கோழி லா இது, பிரிஜ்ஜுக்குள்ள ஒக்காந்து போட்டுச்சா?"

வைக்கோலைப் பார்த்தேன்.

"எத்தன நாளா?"

விரலால் பத்து என்று காட்டினேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. முட்டையை என் கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் மூடி, உள்ளே போய்விட்டார். கத்தியது சாயங்காலம் அண்ணன்.

பிள்ளைக்கு இரண்டு நாளாக மூக்கடைப்பு. கோழியால் என்றுதான் நேற்றுவரை பேச்சு. இன்று முதல் என்னால். பிரிஜ் முட்டை குளிர்ச்சி. பத்தியத்தில் இருப்பவளுக்குக் குளிர்ச்சி கொடுத்தால் பாலில் இறங்கும். பாலில் இறங்கினால் பிள்ளைக்குச் சளி. கணக்குப் போட்டதுபோல் வரிசையாக வந்து என்னிடம் நின்றது. பாலில் குளிர் இறங்காது, முட்டையை எண்ணெயில் பொரித்த பிறகு அது எங்கே இருந்தது என்பது முட்டைக்கே தெரியாது. இதையெல்லாம் சொல்ல எனக்கு நான்கு வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் முன்னால் ஒரு வார்த்தை வரவில்லை.

"பத்து நாளா என் பொண்டாட்டிக்கு என்னாத்த குடுத்த? கோழிக்காகவா? நாலு கோழி அஞ்சு கோழிக்காக வீட்டுக்குள்ளயே பொய்யா?"

அம்மா அவன் கையைப் பிடித்தார். அவன் உதறினான்.

"ஞாயித்துக்கெழமைக்கு ஒண்ணு. அத்த, நீங்க பாத்துக்குங்க. இவகிட்ட யாரும் கேக்க வேணாம்."

நவம்பர் 20, வியாழன்

யாரும் பேசவில்லை. எனக்குப் பழக்கம்தான், ஆனால் நான் பேசாமல் இருப்பது வேறு, அவர்கள் பேசாமல் இருப்பது வேறு.

பிள்ளைக்கு மூக்கு சரியாகிவிட்டது. அதைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

மரத்தூள் மாற்றினேன். பெருங்காற்று. வெள்ளை அட்டைப்பெட்டியிலிருந்து கூண்டுக்குத் திரும்பியது.

நவம்பர் 21, வெள்ளி

அத்தை கூண்டருகே வந்தார். ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மஞ்சள் பாதி வழுக்கை. வெள்ளை இளைப்பு. பச்சை, நீலம் இரண்டும் மங்கல். சிவப்பு மட்டும் பளபளவென்று, கொண்டை நிமிர்ந்து, கல்யாணத்துக்குப் புறப்பட்டதுபோல் நின்றது.

"இது நல்லாருக்கு. இதான் ஞாயித்துக்கெழமைக்கு."

இறகு வந்ததால் அழகு. கொண்டை சிவந்ததால் அழகு. முட்டை போடப் போவதால் அழகு. போட இருப்பதைத்தான் அறுக்கிறார், போடாததை விட்டுவிட்டு.

நவம்பர் 22, சனி

அண்ணன் குளித்துவிட்டு வரும்வரை கூடத்தில் நின்றேன். ஒத்திகை பார்த்த வாக்கியம்: சிவப்பு வேண்டாம், அது இந்த வாரமே போடும், மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள்.

"அண்ணே."

"என்னா."

"செவப்பு வேணாம். அது போடப் போவுது. எலும்பு அகலமாயிருச்சு. ரெண்டு மூணு நாள்ல போடும்."

இந்த வருஷம் நான் அவனிடம் பேசியதிலேயே நீளமானது.

அவன் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தான். "எங்கேருந்து போடும்? மினி மார்க்கெட்லேருந்தா?"

"நெசமா."

"பத்து நாளும் நெசம்தான? தெனம் கையில கொண்டாந்து குடுத்த. நல்லா நடிக்கற லா நீ. இண்டர்வியூல இப்பிடி நடிச்சிருந்தா வேல கெடச்சிருக்கும்."

கிச்சனிலிருந்து அத்தையின் குரல், வெங்காயம் நறுக்கும் சத்தத்தோடு:

"அதுவும் அந்தக் கோழிதான் வேணாங்கறா பாருங்க. நல்லதா ஒண்ணு கெடச்சா அது போடப் போவுதாம்."

அவர்களைக் குறை சொல்ல வழியில்லை. அதனால்தான் இவ்வளவு கோபம்.

நவம்பர் 23, ஞாயிறு

காலை எட்டு மணி. தூறல். குளிர்க்காற்று.

சிவப்பைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்று தலையாட்டினேன். அண்ணன் பிடித்தான். கொத்து வாங்கினான், கெட்ட வார்த்தை சொன்னான். கேபிள் டையை வெட்டி என்னிடம் எறிந்தான்.

எஸ்டேட்டில் நாற்பது வருஷம் கோழி அறுத்த கை அத்தைக்கு. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சுடுதண்ணீரில் முக்கினார், புது இறகு கையோடு வந்தது, அடியில் இன்னும் உறை உரியாத முளைகள். அதைப் பிடுங்கத்தான் நேரம் ஆயிற்று. என்னைப் பேசின் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். இதைக்கூடச் செய்யாவிட்டால் கோழிக்கு நான் யாரும் இல்லை என்று தோன்றியது.

வயிற்றைக் கீறிக் கையை உள்ளே விட்டார். நிறுத்தினார்.

வெளியே எடுத்தது முட்டை. முழு முட்டை. பழுப்பு ஓடு, கெட்டியாக, ஆவி பறக்க. அதன் பின்னாலேயே கொத்து. பெரிய மஞ்சள்கரு ஒன்று, அதைவிடச் சின்னது, அதைவிடச் சின்னது, கடைசியில் கடுகு கடுகாக எண்ண முடியாமல். நாளைக்கு ஒன்று, மறுநாளைக்கு ஒன்று, அதற்கு மறுநாளைக்கு ஒன்று.

அண்ணன் எட்டிப் பார்த்தான். அம்மா வாயில் கை வைத்தார். மழை தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தது.

அத்தை முட்டையைக் கழுவினார். கன்னத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டி:

"இதையும் கடையில வாங்கி உள்ள வெச்சியா?"

அண்ணன் வெடித்துச் சிரித்தான். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு நொடி, முழுதாக, பேசின் ஆடியது. மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம்; நான் சிரித்ததை மட்டும் முடியாது.

குக்கரில் பத்து விசில். பென்ஷன் கோழி வேகாது.

நவம்பர் 24, திங்கள்

அண்ணிக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. சாம்பிராணிப் புகையில் உட்கார்ந்திருந்தாள். தூங்காத கண். என்னைவிட இரண்டே வயது பெரியவள். இன்றைக்குத்தான் அது ஞாபகம் வந்தது.

"நேத்து கறி ரப்பர் மாதிரி இருந்துச்சு," என்றாள் மெதுவாக, கதவைப் பார்த்துக்கொண்டே. "அம்மாட்ட சொல்லாத. எனக்கு முட்டையே புடிக்காது சாமினி. சின்ன வயசுலேருந்தே."

பத்து நாள் பொய்யும் மழையில் ஓடியதும் அந்த முட்டைக்காக. ஒரு கோழி போனது அந்த முட்டைக்காக.

"சொல்ல வேண்டிதான?"

"நீ சொல்லுவியா, எங்கம்மாட்ட?"

தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 27, வியாழன்

இரண்டு நாள் வெயில். கூண்டின் வாசலைத் திறந்துவிட்டேன். நான்கும் சுவரோரம் இறக்கையை விரித்துப் படுத்துக்கொண்டன. ஐந்தாவது இல்லாததை அவை கவனித்ததாகத் தெரியவில்லை. நான்தான் தினம் ஐந்து என்று எண்ணுகிறேன்.

முட்டை போடும் பெட்டியை நான் தொடுவதில்லை. பார்ப்பதுகூட இல்லை. தண்ணீர், தீவனம், மரத்தூள், அவ்வளவுதான். அத்தைதான் தினம் காலையில் வந்து பார்க்கிறார். இன்று உள்ளே கைவிட்டவர் நிமிரவில்லை. கையில் முட்டை. கன்னத்தில் வைத்தார். இந்தக் கன்னம், அந்தக் கன்னம். என் பக்கம் திரும்பினார்.

"சூடு."

அவ்வளவுதான் சொன்னார். பச்சை போட்டதாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் நீலம். நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

பாயான் லெப்பாஸிலிருந்து மின்னஞ்சல். வருந்துகிறார்கள்.

நவம்பர் 29, சனி

மறுபடி மழை. போன மழையைவிடக் குளிர். அம்மா அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் போர்வையோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்.

நாளைக்கு ஞாயிறு. அண்ணன் அவன் பேச்சை மாற்றவில்லை. "போடறது இருக்கட்டும். போடாதது போவட்டும். சோறு தின்னுட்டு சும்மா ஒக்காந்திருக்க இது என்னா ஹோட்டலா?" கோழியைப் பற்றித்தான் சொன்னான். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டான்.

நவம்பர் 30, ஞாயிறு

ஏழு மணி. அத்தை கத்தியைத் தீட்டி வைத்துவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றார். எனக்கு ஏதாவது வேண்டுமென்றால் நான் எப்படி நிற்பேனோ அப்படி.

"வா. எது போடும், எது போடாதுன்னு காட்டு."

"அண்ணன் என்கிட்ட கேக்க வேணாம்னு சொல்லிச்சு."

"மாப்பிள்ள தூங்கறாரு. நான் கேக்கறேன்."

கூண்டுக்குப் போனோம். ஒவ்வொன்றாகத் தூக்கித் தலைகீழாக மடியில் வைத்து விரலை வைத்தேன். பச்சை, இரண்டரை. நீலம், இரண்டு. வெள்ளை, இரண்டு நெருக்கி. அத்தையின் விரலையும் வைக்கச் சொன்னேன். அவர் விரல் என்னுடையதைவிடத் தடிமன். "எனக்கு ஒண்ணரதான் போவுது," என்றார். "உங்க வெரலு ரெண்டுதான் என் வெரலு ரெண்டர," என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மஞ்சள் கடைசி. முதுகில் பாதிதான் இறகு. நான் கூண்டைத் திறந்தால் முதலில் ஓடிவந்து செருப்பைக் கொத்துவது மஞ்சள். எலும்பு ஒரு விரல்கூட இல்லை. காய்ந்து இறுகிக் கிடந்தது. இன்னும் இரண்டு மாதமாவது ஆகும். சொன்னால் போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, அவர் விரலுக்கு எல்லாமே ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். முட்டை வராது. அடுத்த ஞாயிறு வரும். அப்போது மற்ற மூன்றுக்காகவும் பேச என் வார்த்தைக்கு மதிப்பு இருக்காது.

"இது போடாது அத்த."

முதல் தடவையாகக் கூப்பிட்டேன். இதற்குத்தானா.

"பொய்யில்லியே?"

"இல்ல."

அவர் கத்தியை எடுக்கப் போனார். போகும்போதே, திரும்பாமல்:

"அப்ப நீயே புடி. ஒன்ன கொத்தாது."

பிடித்துக்கொண்டேன். கொத்தவில்லை. கையிடுக்கில் சூடாக இருந்தது, கண்ணைப் பாதி மூடிக்கொண்டது.